டெல்லிக்குக் குடிவந்திருக்கிறீர்களா? மளிகைச் செலவைப் பிடித்து நிறுத்த ஒரு வழிகாட்டி

2022 ஜூனில் கணவருக்கு மாற்றலாகி, கும்பகோணத்திலிருந்து டெல்லி மயூர் விஹாருக்கு வந்தோம். பெரியவர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். முதல் மாதம் மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்ந்து 19,400 ரூபாய் ஆனது. கும்பகோணத்தில் இதே நான்கு வயிற்றுக்கு 11,000 தாண்டியதில்லை. டெல்லியில் எல்லாமே விலைதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. ஊரில் வாங்கிய அதே சாமானை, அதே பெயரில், அதே மாதத்தில் இங்கேயும் தேடியதால்தான் அவ்வளவு ஆனது. அதற்குப் பிறகு விலைகள் எவ்வளவோ ஏறிவிட்டன. ஆனாலும் இப்போது எங்கள் மாதச் செலவு 13,500 ரூபாய்க்குள் நிற்கிறது. இட்லியும் சாம்பாரும் ரசமும் வீட்டை விட்டுப் போகவில்லை.

நான் ஒரு வருடம் விட்ட பணத்தை நீங்கள் விடவேண்டாம். வந்த முதல் மாதத்திலேயே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

1. முதலில் ஒரு மாதக் கணக்கு

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பால், காய்கறி-பழம், அரிசி-பருப்பு-எண்ணெய், ஃபோனில் ஆர்டர் போட்டது. முப்பது நாள் எழுதினால் போதும். என் நோட்டில் நான்காவது பத்திதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரே மாதத்தில் 27 ஆர்டர். கொத்தமல்லி இல்லை, தயிர் இல்லை என்று ஒவ்வொன்றாகப் போட்டது. கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்கான கட்டணம், டெலிவரி என்று கட்டணமாக மட்டுமே 600 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அந்தக் கட்டணம் வராத அளவுக்கு ஆர்டரை ஏற்ற வேண்டும் என்று தேவையில்லாத பிஸ்கட் வாங்கியது தனிக் கணக்கு. இப்போது ஆப் என்பது காய்ச்சல், மழை, திடீர் விருந்தாளி ஆகிய மூன்றுக்கு மட்டும்.

2. சாமான்களின் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள்

பெயர் தெரியாவிட்டால், தமிழ் பேசும் கடைக்குத்தான் போவோம். எங்கள் பக்கத்தில் அந்தக் கடைகளில் பல சாமான் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதல். அவர்களும் தெற்கிலிருந்து வரவழைத்துத்தானே விற்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துவரம்பருப்பு தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது, அதற்குப் பெயர் அர்ஹர். கடலைப்பருப்பு சனா தால். பாசிப்பருப்பு மூங் துலி. முழு வெள்ளை உளுந்துக்கு உரத் கோட்டா என்று கேளுங்கள். வெறும் உரத் என்றால் கறுப்புத் தோலோடு கொடுத்துவிடுவார்கள். புளி இம்லி, பெருங்காயம் ஹீங், தனியா விதை சாபுத் தனியா.

காய்கறியில் ஒரு பெயர் எல்லோரையும் ஏமாற்றும். வந்த புதிதில் வண்டிக்காரர் "சீதாஃபல், சீதாஃபல்" என்று கூவிக்கொண்டு போனார். சீதாப்பழம் என்று சின்னவள் ஆசையாகக் கேட்க, பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். வண்டியில் இருந்தது மஞ்சள் பூசணி. டெல்லியில் பூசணிக்குத்தான் சீதாஃபல் என்று பெயர். நம் சீதாப்பழத்துக்கு இங்கே ஷரீஃபா. சுரைக்காய்க்கு கியா, லௌக்கி என்று இரண்டு பெயர். பீர்க்கங்காய் தோரி. தண்டுக்கீரை மாதிரி இருப்பது சௌலாய். கால் கிலோவுக்கு ஒரு பாவ் என்பார்கள். ஐந்து கிலோவுக்கு தடி. மண்டியில் "தடி எவ்வளவு" என்று கேட்டால், புதிதாக வந்தவர் இல்லை என்று நினைத்து விலை சொல்வார்கள்.

3. ரேஷன் கார்டு: யாருக்கு இங்கே அரிசி கிடைக்கும்

தமிழ்நாட்டுக் கார்டை வைத்துக்கொண்டு டெல்லியில் ரேஷன் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் உங்கள் ஸ்மார்ட் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, மிக ஏழைக் குடும்பம்) என்றோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கே வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரிலிருந்து அந்தத் திட்டத்தில் இருக்கிறது. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) என்று தொடங்கினால் மாநிலத்துக்கு வெளியே செல்லாது. எங்கள் கார்டு அந்த வகைதான்.

முதல் வகைக்காரர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். பி.எச்.எச். கார்டில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். ஏ.ஏ.ஒய். என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இதற்குப் பணம் கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் இன்னும் ஐந்து வருடத்துக்கு இலவசம் என்று நீட்டித்திருக்கிறார்கள். கொண்டுபோக வேண்டியது:

- கார்டு எண் (அசல் கார்டு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை) அல்லது ஆதார் எண்
- அந்தக் கார்டில் பெயர் இருந்து, ஆதார் இணைத்திருக்கும் ஒருவர், நேரில், கைரேகை வைக்க
- இரண்டு பெரிய பை

முகவரி மாற்ற வேண்டாம், பெயர் நீக்கல் சான்றிதழ் வேண்டாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். "பேரை மாற்றித் தருகிறேன்" என்று ஐந்நூறு ஆயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

திரிலோக்புரியில் இருக்கும் சேலத்து அக்கா ஒருவருடன் நான் கடைக்குப் போனேன். "மதராஸ் கார்டு இங்கே ஓடாது" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கேயே நின்று 14445 என்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். பிறகு மிஷினை எடுத்தார். அக்காவின் கைரேகை மூன்று தடவையும் விழவில்லை. பத்து வருடமாக நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ரேகையே தேய்ந்துபோயிருந்தது. அக்கா புடவையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மிஷின் மறுபடி மறுபடி சிவப்பு காட்டுகிறது. கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகன் விரலை வைத்தான், உடனே விழுந்தது. நான்கு பேருக்கு 20 கிலோ கிடைத்தது. அதனால் முதல் தடவை போகும்போது வீட்டில் இளையவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எதிர்பார்த்து ஏமாறக் கூடாதவை: ஊரில் ரேஷனில் கிடைக்கும் 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் மாநில அரசு தருவது, இங்கே வராது. இங்கே வருவது கோதுமையும் அரிசியும்தான். ஊரில் இருக்கும் மாமனார் மாமியார் அதே கார்டில் இருந்தால், அவர்கள் பங்கை அவர்கள் அங்கேயும் உங்கள் பங்கை நீங்கள் இங்கேயும் வாங்கலாம். ஆனால் ஊரில் முழுவதையும் எடுத்துவிட்டால் அந்த மாதம் இங்கே ஒன்றும் இருக்காது. மாத ஆரம்பத்திலேயே ஃபோனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேரா ராஷன் ஆப்பில் பாக்கி எவ்வளவு என்று பார்க்கலாம்.

4. அரிசி, பருப்பு, எண்ணெய்

பொன்னிப் புழுங்கல் இங்கே நான் வாங்கும்போது கிலோ 78 ரூபாய். சோறுக்கு சோனா மசூரிக்கு மாறினேன், 58 ரூபாய். இட்லிக்கு இட்லி அரிசியே வேண்டும் என்று முதல் வருடம் முழுக்க 80 ரூபாய் கொடுத்தேன். பிறகு பக்கத்து வீட்டு மாமி சொல்லிக்கொடுத்தார்: பர்மல் சேலா என்று கேளுங்கள். சேலா என்றால் புழுங்கல். கிலோ 42 ரூபாய்க்குக் கிடைத்தது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கைப்பிடி அவல். இட்லி கொஞ்சம் பழுப்பாக இருக்கும், மென்மையில் குறையில்லை. பாஸ்மதி சேலாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள், விலையும் அதிகம், மாவும் பொங்காது.

25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உதிரியாக எடைபோட்டு வாங்கினால் இல்லை, 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை நிற்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு குடும்பம் சேர்ந்து 26 கிலோ மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வீடு சேர்ந்து இரண்டு மூட்டை எடுக்கிறோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் மூட்டை வேண்டாம். அந்த ஈரத்தில் வண்டு வந்துவிடும்.

கேந்திரிய பண்டார் என்ற மத்திய அரசு ஊழியர் கூட்டுறவுக் கடை உங்கள் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அரசு ஊழியர்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் ஒரு வருடம் உள்ளேயே போகவில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மத்திய அரசின் 'பாரத்' பெயரிலான அரிசி, கோதுமை மாவு, பருப்பு வரும்போது அங்கே கிடைக்கும். 2024 நவம்பரில் மறுபடி விற்பனைக்கு வந்தபோது மாவு கிலோ 30, அரிசி 34. 5 கிலோ, 10 கிலோ பைகள். எப்போதும் இருக்காது, இருக்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டும் இருக்கும். 910 கிராம் 145 ரூபாய், 850 கிராம் 140 ரூபாய் என்றால் கை தானாக 140-க்குப் போகும். கணக்குப் போட்டால் முதலாவது கிலோ 159, இரண்டாவது 165. பாக்கெட்டில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத்தான் ஒப்பிட வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் யாராவது வாங்கினால் 1915-க்குப் புகார் சொல்லலாம். நெய், வெண்ணெய்க்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

மிளகாய்த்தூள், மல்லித்தூளை உதிரியாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். மிளகு, சீரகம், தனியா, வற்றல் ஆகியவற்றை முழுதாக வாங்கி, வறுத்து, மசாலா அரைக்கும் சக்கியில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி காரி பாவ்லி என்ற மசாலா மொத்தச் சந்தைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோவும் தருவார்கள். வாசலில் நின்று "வாங்க காட்டுகிறேன்" என்று கூப்பிடுபவர் பின்னால் போகாமல் நான்கு கடையில் விலை கேளுங்கள்.

5. காய்கறி: எந்த நாள், எந்த நேரம்

டெல்லியில் வாரச்சந்தை தெருவிலேயே போடுவார்கள். திங்கள் என்றால் சோம் பஜார், புதன் என்றால் புத் பஜார். உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு 40 சொன்ன வெண்டை, ஒன்பதே காலுக்கு 25 ஆகும். வீட்டுக்கு மூட்டை கட்டத் தொடங்கும் நேரம் அது. கீரை, வெண்டை, பீன்ஸ் அந்த நேரத்தில் வாடியிருக்கும். சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ், உருளை, கேரட்டுக்கு அந்த நேரம்தான் சரி. எனவே கீரையை முன்னேரத்திலும் கனமான காயைப் பின்னேரத்திலும் வாங்குங்கள்.

எடையில் கவனம் வேண்டும். நான் பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வைத்திருப்பேன். புதுக் கடையில் முதலில் அதைத் தராசில் வைக்கச் சொல்வேன். "பய்யா, ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிக்கவில்லை. ஒரே ஒருவர் தராசில் உப்பு 1,120 கிராம் காட்டியது. அதாவது அந்தத் தராசில் ஒரு கிலோ வாங்கினால் கைக்கு வருவது ஏறக்குறைய 893 கிராம்தான், மீதி 107 கிராமுக்குச் சும்மா பணம் கொடுக்கிறோம். கடைசியில் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கேளுங்கள். காய் வாங்கினால் அது சும்மா போடுவது இந்த ஊர் வழக்கம்; மழைக்காலத்தில் மட்டும் மறுப்பார்கள்.

கிழக்கு டெல்லியில் இருப்பவர்களுக்கு காஜிப்பூர் மண்டி இருக்கிறது. மொத்த வியாபாரம் விடியுமுன்பே முடிந்துவிடும். ஆறரை மணிக்குப் போனால் தடிக் கணக்கில் பிரித்து விற்பவர்கள் இருப்பார்கள். தனியாகப் போனால் கட்டாது. ஐந்து கிலோ கத்தரிக்காயை ஒரு வீட்டில் என்ன செய்வது? நாங்கள் நான்கு வீட்டுப் பெண்கள், மாதம் இரண்டு ஞாயிறு போகிறோம். திரும்ப இ-ரிக்‌ஷா 80 ரூபாய், தலைக்கு 20. போய் வந்த பின் என் வீட்டு வாசலில் செய்தித்தாள் விரித்து நான்காகப் பிரிப்போம். தெருவில் வாங்குவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

6. காலண்டரைப் பார்த்துச் சமையுங்கள்

நான் மிக அதிகமாகப் பணம் விட்டது இங்கேதான். ஊரில் வருடம் முழுக்க ஒரே மாதிரி காய் வாங்கிப் பழக்கம். டெல்லி அப்படியில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சொர்க்கம்: பட்டாணி, சிவப்புக் கேரட், காலிஃபிளவர், முள்ளங்கி, வெந்தயக்கீரை, பாலக். பத்துவா என்று ஒரு கீரை வரும், நம் கீரை மசியலுக்கு அப்படிப் பொருந்தும். ஜூலையில் மழை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்.

ஜனவரியில் பட்டாணி வாங்கி உரித்து வையுங்கள். போன ஜனவரியில் பத்து கிலோ, கிலோ 28 ரூபாய். மதிய வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நாலு பேரும் உரித்தோம். உரித்தது 4.8 கிலோ வந்தது, அதாவது கிலோ 58 ரூபாய். கோடையில் கடையில் உறைய வைத்த பட்டாணி 180. கொதிக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு இரண்டு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீர், பிறகு துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைத்து, கால் கிலோ பைகளாக ஃப்ரீசரில். ஈரத்தோடு வைத்தால் ஒரே கட்டியாகிவிடும். ஃப்ரீசரில் எத்தனை பை அடங்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தக்காளிதான் மழைக்காலத்து எமன். 2023 ஜூலையில் டெல்லியில் கிலோ 200-ஐத் தாண்டியது. அரசே வண்டிகளில் முதலில் 90-க்கும், பிறகு 80, 70-க்கும் விற்றது. அந்த வரிசையில் நானும் நின்றேன். அப்போதுதான் தோன்றியது, நம் சமையலில் தக்காளி இல்லாத குழம்பு எத்தனை இருக்கிறது! வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு குழம்பு, எலுமிச்சை ரசம், புளி விடாத பொரிச்ச கூட்டு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் எங்கள் வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ தக்காளிதான். தேங்காயும் அப்படியே. ஒன்று 60 ரூபாய் என்றால், வாரத்தில் நான்கு நாள் வேர்க்கடலைச் சட்னி.

வெங்காயம் ஏப்ரல், மே மாதத்தில் வருவது தாங்கும். மே மாதம் பத்து கிலோ வாங்கி, வலைப்பையில் காற்றாடத் தொங்கவிடுங்கள், உருளைக்கிழங்குப் பக்கத்தில் வைக்காமல். நான் முதல் வருடம் ஆகஸ்டில் பத்து கிலோவைப் பிளாஸ்டிக் பையோடு வைத்து, மூன்று கிலோவை அழுகக் கொடுத்தேன்.

7. பால்

மதர் டெய்ரி பூத்தில் மிஷினில் ஊற்றித் தரும் டோக்கன் பால் இருக்கிறது. தூக்கு கொண்டுபோக வேண்டும். 2025 ஏப்ரல் 30 விலையேற்றத்துக்குப் பிறகு அது லிட்டர் 56, ஃபுல் கிரீம் பாக்கெட் 69. நாளுக்கு ஒன்றரை லிட்டர் வாங்கும் வீட்டில் மாதம் 585 ரூபாய் வித்தியாசம். காபிக்கு மட்டும் அரை லிட்டர் ஃபுல் கிரீம், மற்றதெல்லாம் டோக்கன் என்று வைத்தாலும் 390 மிச்சம்.

தயிரை வீட்டிலேயே உறைகுத்துங்கள். டிசம்பர், ஜனவரியில் உறையவில்லை என்று பாக்கெட் தயிருக்குப் போகவேண்டாம். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது இரண்டு மடங்கு உறைமோர் விட்டு, பாத்திரத்தைக் கம்பளிச் சால்வையில் சுற்றி கோதுமை மாவு டின்னுக்குள் இறக்கி வையுங்கள். காலையில் கெட்டியாக இருக்கும்.

8. ஊரிலிருந்து எதைக் கொண்டுவருவது

ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை சாமான் இலவசம், இரண்டாம் ஏ.சி.யில் 50. அரிசியில் அந்த எடையை வீணாக்காதீர்கள். கிலோவுக்கு எது அதிகம் மிச்சமாகிறதோ அதைக் கொண்டுவாருங்கள். நாங்கள் மே விடுமுறையில் வரும்போது எடுத்துவருவது: புதுப்புளி 5 கிலோ, குண்டு மிளகாய் 2 கிலோ, நல்லெண்ணெய் 5 லிட்டர், காபித்தூள், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், அப்பளம், கூழ் வடகம். புளியும் மிளகாயும் மாசி பங்குனியில் புதிதாக வந்து, சித்திரையில் நன்றாகக் காய்ந்திருக்கும்.

புளியைக் கொட்டை எடுத்து, ஒரு நாள் வெயிலில் போட்டு, கல்லுப்பு தூவி உருண்டையாக்கிப் பழைய பருத்தித் துணியில் கட்டுங்கள். எண்ணெய் டின் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, நிமிர்த்தியே வையுங்கள். மிளகாயை சீட்டுக்கு அடியில் தள்ளாமல் காற்றுப்படும் இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியில் யாராவது தும்ம ஆரம்பித்தால், மூட்டை எங்கேயோ பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ஊசியும் சணல் நூலும் கைப்பையில் இருக்கட்டும்.